மாட்டுக்கும் நாய்க்கும் இன்சூரன்ஸ் போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முக்கூடல்காரன்:
மாடு செத்தால் என்னென்ன செய்யணும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை மழை, ராத்திரி ரெண்டு மணி, சினை மாடு போய்விட்டது. விடிந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டாச்சு. கால்நடை டாக்டரும் வந்து அறுத்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். போட்டோ எடுக்க வந்த பையன் மாட்டின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வில்லை எங்க அண்ணாச்சி?" என்றான். இன்சூரன்ஸுக்கு அடையாளமாகக் காதில் மாட்டின வில்லையைத்தான் கேட்டான். இடது காது நுனிவரை கிழிந்திருந்தது. நான் கவனித்ததே அப்போதுதான். நான், வீட்டுக்காரி, மச்சான் மூன்று பேரும் கருவேல வேலிக்குள் தவழ்ந்து தேடினோம். பன்னிரண்டு இலக்க எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். கிடைக்கவில்லை. பணமும் கிடைக்கவில்லை. அந்தக் கிழிந்த காது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பாளை சிப்பிப்பாறை:
எங்களுடையது நாய். குட்டியிலேயே பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தமாகக் கழிந்தது, மூன்று நாள் டிரிப்ஸ். பில்லைப் பார்த்ததும் "இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர்" என்று பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "இது செத்தாலோ திருடு போனாலோதான் பணம் தரும்மா. பிழைச்சா ஒண்ணும் வராது" என்றார். மேசையில் கிடந்த குட்டி அந்த நேரம் பார்த்து வாலை ஒரு தடவை தட்டியது. பிழைத்துவிட்டது, இப்போது ஆறு வயது. பில் நாங்கள் கட்டியதுதான்.

பழைய ஏஜென்ட்:
முக்கூடல் தம்பி, கம்பெனியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வில்லை விழுந்தால் உடனே எழுதிக் கொடுத்து வேறு வில்லை மாட்டி, அந்தப் புது எண்ணை பாலிசியில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மேலப்பாளையம் சந்தையில் வாங்கின எந்த மாட்டையும் காட்டி இதுதான் செத்தது என்று சொல்லிவிடலாமே. அப்புறம் எல்லாரும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாட்டுப் பாலிசி அடிப்படையில் சாவுக்குத்தான். பால் வற்றி நிரந்தரமாக உதவாமல் போவதற்குத் தனியாகச் சேர்த்துக் கட்டணும். நோயில் செத்தால் முதல் பதினைந்து நாள் பொதுவாகச் செல்லாது, விபத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. மத்திய அரசு மானியத் திட்டத்தில் 2024-இல் பிரீமியத்தில் விவசாயி கட்டும் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்குச் சாவு, திருட்டு, ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவு, அடுத்தவரைக் கடித்தால் வரும் பொறுப்பு என்று தனித்தனிப் பகுதி. எதற்குக் காசு கட்டினீர்களோ அதற்கு மட்டும்தான். தடுப்பூசி அட்டையில் தேதி விட்டுப்போயிருந்தால் பார்வோவுக்கு எந்தப் பாலிசியும் கை கொடுக்காது. என் அனுபவம் என்றால், ஒரு வெள்ளாட்டுக்குப் போட்டேன், அது பாலிசியைத் தாண்டி வாழ்ந்தது.

அம்பை வாசகி:
பாளை அக்கா, எங்கள் வீட்டில் அந்தக் கடி சமாச்சாரம்தான். கதவைத் திறந்ததும் பால்காரரின் கெண்டைக்காலில் ஒரே பிடி. கேன் சாய்ந்து முற்றமெல்லாம் பால். நாய் அவரை விட்டுவிட்டு அதை நக்கப் போய்விட்டது! அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான். ஆனால் ஊசிக்குப் போன நாளெல்லாம் வீடு வீடாக யார் பால் ஊற்றுவது? அந்தக் காசை அப்பாதான் கொடுத்தார். ஏஜென்ட் ஐயா சொல்கிற பொறுப்புப் பகுதியை நாங்கள் எடுக்கவே இல்லை.

முக்கூடல்காரன்:
ஏஜென்ட் அண்ணாச்சி, நான் கம்பெனியைக் குறையே சொல்லலையே, காதைத்தான் சொன்னேன். வில்லை பொங்கலுக்கு வேலி வெட்டும்போது கிடைத்தது. சாணி ஒட்டி, ஆனால் எண் ஒன்றுகூட அழியவில்லை.