லோரான்ஸ் ஓவியத்தில் மெழுகுவர்த்திப் புகை: உதவி தேவை

வணக்கம். ழான் பால் லோரான்ஸ் 1875இல் வரைந்த ‘பக்திமான் ராபர்ட்டின் திருச்சபை நீக்கம்’ ஓவியத்தை (பாரிஸ் ஓர்சே மியூசியத்தில் இருப்பது) பாதி அளவில், 65 x 109 செ.மீ. கேன்வாஸில் ஆயிலில் பிரதி எடுக்கிறோம். உறவுக்காரி பெர்த்தாவை மணந்ததற்காக பிரெஞ்சு மன்னர் ராபர்ட்டுக்குத் திருச்சபையிலிருந்து விலக்கும் தண்டனை. பாதிரியார்கள் வெளியேறுகிறார்கள், தரையில் செங்கோலும் அணைந்த மெழுகுவர்த்தியும்.

சிக்கல் அந்தப் புகைதான். தரையின் பழுப்பு காயுமுன் வெள்ளை வைத்தால் கலந்து சேறாகிறது; காய்ந்தபின் உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்தால் சுண்ணாம்புக் கோடாகத் துருத்துகிறது. ஜிங்க் ஒயிட் (துத்தநாக வெள்ளை) மென்மையாக வரும், ஆனால் பின்னாளில் விரிசல் விடும். லின்சீட் ஆயில் கூடினால் மஞ்சளடிக்கும்.

1 பங்கு ஸ்டாண்ட் ஆயில் (காய்ச்சிக் கெட்டியாக்கிய லின்சீட் ஆயில்), 2 பங்கு டர்பன்டைன் கலந்து மூன்று மெல்லிய பூச்சு கொடுத்தால் சரிவருமா? இடையில் எத்தனை நாள் காயவிடணும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

(போப் அப்படி நீக்கினாரா இல்லையா என்ற வாதம் இங்கே வேண்டாம்.)