திருகோணமலையில் வீடு: உவர்மலையா, உப்புவெளியா?

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்திருப்பதால், குடும்பத்துடன் குடியேற, விலைக்கு வாங்க வீடு தேடுகிறேன். உவர்மலை, உப்புவெளி ஆகிய இரண்டில் எது பொருத்தமானது?

பதில் 1: உவர்மலை மேட்டுநிலம், நகரமும் அருகில். ஆனால் விலை கையைச் சுடும். கடற்கரைப் பகுதியான உப்புவெளியில் விடுதிகள் நிறைந்திருப்பதால் உல்லாசப் பயணிகள் வரும் காலத்தில் சந்தடி ஓயாது என்பதையும், 2004 ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதையும் மனதில் வையுங்கள்.

பதில் 2: எந்த இடமானாலும் வெயில் காலத்தில் மட்டும் பார்த்து முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகை, மார்கழி மாரிமழையில் ஒழுங்கையில் வெள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆவணியில் கிணற்றுநீர் உவர்க்கிறதா என்பதையெல்லாம் அயலவர்தான் சொல்வார்கள், விற்பவர் சொல்லமாட்டார்.

பதில் 3: ஐயா, வாங்கப்போகும் வீட்டின் காணி உறுதிக்காணியா (உறுதிப்பத்திரம் உள்ள சொந்தக் காணி), அரச அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணி) என்பதைக் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். நானென்றால் முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பேன்.