பொருள்: நூலக மாடிக் கேலிச்சித்திரக் கண்காட்சி – லேமினேஷனை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்

அனுப்பியது: கீழத்தெரு, நியூஜெர்சி

அத்தை ஊரிலிருந்து அனுப்பிய படங்களை இணைத்திருக்கிறேன். மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய விகடன் அட்டைகளை லேமினேட் பண்ணி அடுக்கியிருக்கிறார்கள். பதினொன்று முடிந்துவிட்டதாம். சூட்டில் உருகின பசை தாளின் நாரோடு ஒன்றிவிடும், இனிப் பிரிக்க வழியே இல்லை. மட்டக் காகிதத்தில் ஊறுகிற அமிலமும் உள்ளேயே அடைபட்டு, பழுப்பேறி நொறுங்கும்.

நகலை மாட்டினால் போதும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணினால் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 300 நிற்கும். வண்ண அட்டை புள்ளிபுள்ளியாக அச்சானது, ஸ்கேனரில் டீஸ்க்ரீன் (அச்சுப் புள்ளியை மழுப்பும் வசதி) போடாவிட்டால் கட்டம் கட்டமாக அலையடிக்கும். அசலைக் காட்டியே தீரணும் என்றால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். ஜப்பான் தாளில் வெட்டின கீல் பட்டையும் கோதுமை மாவுப் பசையும் போட்டு மவுண்ட் போர்டில் நிறுத்துங்கள். செல்லோடேப், ஃபெவிகால் பக்கமே போகக்கூடாது. கண்ணாடி படத்தைத் தொடவும் கூடாது. ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அனுப்பியது: மஸ்கட்

லேமினேஷன் இருக்கட்டும். ஊர் நூலகச் சங்கம் கண்காட்சிக்கு நம்மிடம் கேட்டிருப்பது 1,40,000 ரூபாய். பிரேம் 40, ஒன்று 950 வீதம் 38,000. ஸ்கேன், அச்சு 16,000. மீதி 86,000க்கு 'இதர' என்று ஒரே வரி! முன்பு கூரைக்கு அனுப்பின பணத்துக்கே ரசீது வரவில்லை. யார் கையில் நிற்கிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அந்த 950 கண்ணாடிக்கா, அக்ரிலிக்குக்கா? 18க்கு 24 அங்குலத்தில் 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 2 கிலோ. நாற்பதுக்கு 80 கிலோ. அந்தச் சுண்ணாம்புச் சுவரில் ஆணி தாங்காது. அக்ரிலிக் என்றால் எடை பாதிதான்.

இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட்காரர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் மாறினவர் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அவர் பணத்தை வாங்கினால் மாட்டுவது ஊரில் இருக்கிற செயலாளர். நியூஜெர்சித் தம்பி ஆலோசனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அனுப்பியது: பெரிய வீடு, சிங்கப்பூர்

நூலக மனை யார் கொடுத்தது என்பது மறந்துபோச்சா? ரசீது கேட்க வந்துவிட்டார்கள். விகடன் ஓவியர் கோபுலு 1924ல் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். நம் மண்ணுக்காரர். வாசலில் பத்தடிக்கு எட்டடி பேனரில் அவர் வரைந்த படம் இருக்கணும், செலவு என்னுடையது. கீழே யார் பேர் என்பதை மேலத்தெருவில் கேட்டு முடிவு பண்ண வேண்டியதில்லை.

அனுப்பியது: லண்டன்

சித்தப்பா, பேனருக்கு முன்னால் அனுமதி வாங்கணும். கோபுலு மறைந்தது 2015. வரைந்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு என்றால் பதிப்புரிமை 2075 முடிகிறவரை உண்டு. குடும்பத்தார், பத்திரிகை இரண்டு பக்கமும் எழுத்தில் கேளுங்கள். 1906ல் தொடங்கி, பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்கு வீடு தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணின வால்யூம்கள் கிடக்குமே, நமக்கு அசல் அவைதான். கதைக்காக வைத்ததில் சிரிப்புத் துணுக்கும் தப்பிப் பிழைத்தது. பைண்டர் கத்தி மூன்று பக்கமும் சீவியதில் ஓரத்துக் கையெழுத்து சில இடங்களில் பாதிதான் மிஞ்சியிருக்கும். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகு விட்டுவிடும். 90 டிகிரிக்கு மேல் விரிக்காமல், ஒவ்வொரு பக்கத்துக்கும் நேர் எதிரே கேமரா வைத்து எடுக்கலாம்.

பிள்ளைகள் பட்டறைக்கு ஒரு வேளைக்கு 15 பேர் போதும். ஜெராக்ஸ் தாளில் மை ஊறிப் பரவும். 150 ஜிஎஸ்எம் தடித்த தாள் வாங்குங்கள். மையில் தொட்டு வரைகிற பேனாவின் புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் மை முத்து முத்தாக உருளும். நிப்பை இழுக்கணும், தள்ளினால் தாளில் குத்தித் தெறிக்கும். வசனத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம்தான் அதைச் சுற்றிக் குமிழ். மாற்றிப் போட்டால் கடைசிச் சொல் எறும்பு மாதிரி நசுங்கி நிற்கும்.

அனுப்பியது: கீழத்தெரு, நியூஜெர்சி

ஊருக்குப் போன் போட்டேன். மெஷின் வாடகை இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறதாம், வீணாக்க மனசில்லையாம். படத்துக்குக் கீழே ஒட்டுகிற பெயர்ச்சீட்டுகளை லேமினேட் பண்ணிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மஸ்கட் அண்ணனுக்கு: என் பாஸ்போர்ட் இன்னும் மாறவில்லை.