கொலை செய்தது யாரென்று தெரிந்த பிறகும் படிக்க வைக்கிற த்ரில்லர்கள்: நீங்கள் படித்ததைச் சொல்லுங்கள்

கடைசி இருபது பக்கத்துக்காக மீதிப் பக்கங்களைச் சகித்துக்கொள்ளும் பொறுமை எனக்கு இப்போது இல்லை. யார் கொன்றது என்று தெரிந்த பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் இருக்கிறதா, அதை மட்டும்தான் பார்க்கிறேன். அந்த வகையில் என்னை முதலில் பிடித்துப் போட்டது ஓயின்கான் பிரைத்வைட் எழுதிய 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்' (2018). நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் நடக்கிற கதை. தங்கை காதலனைக் குத்திக் கொன்றுவிட்டு அக்காவுக்குப் போன் போடுகிறாள், நர்ஸாக இருக்கும் அக்கா ப்ளீச்சையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்த் தரையைத் தேய்க்கிறாள். இது மூன்றாவது ஆள்! போலீஸ் வருமா என்பதைவிட அக்காவின் மற்ற தலைவலிகள்தான் சுவாரசியம். காதலன் 'காணாமல் போய்' சில நாள்கூட ஆகவில்லை, தங்கை சமூக வலைத்தளத்தில் படம் போடத் துடிக்கிறாள், கொஞ்சம் சோகமாகவாவது இருடி என்று அதட்ட வேண்டியிருக்கிறது. மனசில் இருப்பதைக் கொட்ட அக்காவுக்கு வேறு ஆளில்லை, கோமாவில் கிடக்கும் ஒரு நோயாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்த ஆள் கண் விழித்துவிட்டால்? இந்த ஒரு கேள்வி போதும், ராத்திரி தூக்கம் போச்சு. அத்தியாயங்கள் குட்டிக் குட்டியானவை, சில ஒரு பக்கம்கூட வராது.

இன்னொன்று கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005இல் வந்தது, ஆங்கிலத்தில் 2011இல். பலர் படித்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. கொலை நம் கண் முன்னாலேயே நடக்கிறது, அடுத்த வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். அவர் பரீட்சைக்குக் கேள்வி தயாரிக்கிற விதத்தைப் பற்றி ஓரிடத்தில் வரும்: பார்த்தால் வடிவியல் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது வேறு வகைக் கணக்கு. போகிறபோக்கில் வருகிற பேச்சுதான், ஆனால் முடித்த கையோடு அந்தப் பக்கத்தைத் தேடிப் போய் மறுபடி படித்தேன். இதற்கு மேல் சொன்னால் படிக்காதவர்கள் அடிக்க வருவார்கள்.

*

நீங்கள் சொன்ன இரண்டிலும் வீட்டுக்குள் நடக்கிற நெருக்கடி. எனக்குப் பிடித்தது, ஊரின் சட்டமே கதையைத் தள்ளிக்கொண்டு போகிற வகை. டேவிட் ஹெஸ்கா வான்ப்ளி வைடன் எழுதிய 'விண்டர் கவுண்ட்ஸ்' (2020) அப்படி ஒன்று. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பழங்குடி ஒதுக்கிடம், எழுதியவரும் லகோட்டா இனத்தவர். அங்கே பெரிய குற்றம் நடந்தால் பழங்குடிப் போலீஸால் கடைசிவரை போக முடியாது, மத்திய அரசு விசாரணையாளர்கள்தான் எடுக்க வேண்டும், அவர்களோ பல வழக்குகளைத் தொடுவதே இல்லை. இதற்கு வேர் 1885இல் போட்ட சட்டம் வரை போகிறது. அப்படியானால் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன செய்யும்? காசு கொடுத்து ஆளை வைத்து அடிக்கும். அந்த அடியாள்தான் கதாநாயகன். அவன் வளர்க்கும் சகோதரியின் மகன்வரை ஹெராயின் வந்துவிடுகிறது, அதற்கப்புறம் கதை எடுக்கிற வேகமே தனி. சண்டைக் காட்சிகளில் சிலது வழக்கமானதுதான். ஆனால் 'போலீஸிடம் சொல்லியிருக்கலாமே' என்று மற்ற த்ரில்லர்களில் எரிச்சலோடு கேட்போமே, அந்தக் கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

அதே கையோடு எஸ்.ஏ. காஸ்பியின் 'ரேஸர்பிளேட் டியர்ஸ்' (2021). கல்யாணம் செய்துகொண்ட இரண்டு ஆண்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், இருவருமே ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள், பழிவாங்கக் கிளம்புகிறார்கள். பிள்ளைகள் உயிரோடு இருந்தவரை இந்த இரண்டு பேருமே அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் முள். ரத்தம் கொஞ்சம் அதிகம், எனக்கே சில இடங்களில் பக்கத்தைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. அந்த இரண்டு அப்பாக்களும் வண்டியில் போகும்போது பேசிக்கொள்கிற பேச்சுக்காகவே படிக்கலாம். ஒருவர் வாயில் வரும் மட்டமான நக்கலை மற்றவர் அங்கேயே நிறுத்திக் கேட்கிறார், சமாதானமும் ஆவதில்லை, பயணமும் நிற்பதில்லை.

*

மன்னிக்கவும், நான் பழைய கட்சி. எனக்குப் புதிர் வேண்டும், யார் என்று கடைசியில்தான் தெரிய வேண்டும். சட்டம், சமூகம் எல்லாம் இருக்கட்டும், ஆனால் குழப்புங்கள் ஐயா!

ஜானிஸ் ஹாலெட் எழுதிய 'தி அப்பீல்' (2021) எடுத்துப் பாருங்கள். முழுக்க மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும்தான். ஒரு நாடகக் குழு, ஒரு குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுகிறார்கள், நடுவில் கொலை. வழக்கறிஞரிடம் பயிற்சியில் இருக்கும் இரண்டு பேரிடம் அந்த மின்னஞ்சல் கட்டு முழுவதையும் அப்படியே கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள், நாமும் அவர்களோடு உட்கார்ந்து படிக்கிறோம். யார் யாருக்குக் குழைகிறார்கள், யார் பதில் போடாமல் நழுவுகிறார்கள் என்று கவனிப்பதுதான் துப்பறிவதே. தொடக்கத்தில் பெயர்கள் குவியும், ஒரு தாளில் உறவுமுறையைக் குறித்துக்கொண்டே படிப்பது நல்லது.

படங்களை வைத்தே புதிர் போடும் உகேட்சுவின் 'ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்' படித்தவர்கள் இருக்கிறீர்களா? முகமூடியோடுதான் அந்த எழுத்தாளர் வெளியே வருவார், யாரென்றே தெரியாது. ஆங்கிலத்தில் 2025இல் வந்தது. எழுத்து நடை தட்டைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சாதாரணக் கோட்டோவியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வைத்துவிடுகிறார்.

*

ஒரு எச்சரிக்கை மட்டும். அசாகோ யுசுகியின் 'பட்டர்' நாவலை த்ரில்லர் என்று நம்பி வாங்காதீர்கள். அட்டையும் விளம்பரமும் அப்படித்தான் சொல்லும். பல ஆண்களைக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் பெண்ணை ஒரு பத்திரிகையாளர் பார்க்கப் போகிறார். அந்தப் பெண்ணோ வழக்கைப் பற்றி வாய் திறக்காமல், சூடான சோற்றில் குளிர்ந்த வெண்ணெயும் சோயா சாஸும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புகிறாள், மார்கரின் கூடவே கூடாதாம். நாவல் நல்ல நாவல்தான், பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று பேசுகிறது. ஆனால் மெதுவாகத்தான் போகும், இரவோடு இரவாக முடிக்கிற புத்தகம் இல்லை.

வேகம் வேண்டுமென்றால் கோதாரோ இசாகாவின் 'புல்லட் டிரெயின்' இருக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் பல கொலைகாரர்கள், ஒரு பெட்டி, இறங்க நினைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏதோ ஒன்று வந்து தடுக்கிறது. படம் பார்த்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள், நாவலில் வரும் பள்ளிப் பையன் படத்தில் அவனுக்குப் பதிலாக வரும் இளம்பெண்ணைவிடப் பயங்கரம். ஜியோங் யூ-ஜியோங்கின் 'தி குட் சன்' இரண்டு பேர் எனக்குச் சிபாரிசு செய்தார்கள். ரத்த வாடையில் கண் விழிக்கும் ஒருவன், மாடிப்படிக்குக் கீழே அம்மாவின் உடல், நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று அவனுக்கே ஞாபகமில்லை. நான் பாதியில் இருக்கிறேன், தயவுசெய்து யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.