குன்னூர் துரூக் கோட்டைச் சுவர்: 70 வயது அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (கோவையிலிருந்து):

வணக்கம். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு, பக்காசூரன் மலையில் உள்ள திப்பு சுல்தான் காலத்துக் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார். ஏற்றத்தில் முழங்கால் வலிக்கும். அங்கே பார்ப்பதற்கு என்ன எஞ்சியிருக்கிறது, எந்த மாதத்தில் போவது நல்லது என்று போய்வந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (குன்னூர்வாசி):

செஞ்சிக் கோட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் அப்பா ஏமாந்துபோவார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடிந்தது போக மிஞ்சியிருப்பது ஒரு சுவர்தான். ஆனால் 6000 அடிக்கு மேல், மலை சட்டென்று முடிந்து கீழே பவானி ஆற்றுச் சமவெளி விரியும் விளிம்பில் நின்று பார்க்கும்போது, மைசூர்ப் படையினர் காவல் வைக்க இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எவரும் விளக்காமலே புரிந்துவிடும். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து எந்தப் படை வந்தாலும் மலையேறத் தொடங்கும் முன்பே கண்ணில் பட்டுவிடும். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அந்தக் காவலுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஹுலிகல் துர்க்கம் என்பது இதன் பழைய பெயர். கன்னடத்தில் ஹுலி என்றால் புலி. துர்க்கம் என்பதுதான் ஆங்கிலேயர் வாயில் துரூக் ஆனது. பீமன் கொன்ற பகாசுரன் இங்கேதான் வாழ்ந்தான் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

நான்சச் தேயிலைத் தோட்டம் வரை வண்டி போகும்; அதன்பின் நடைதான். எனக்கு மேலேற இரண்டு மணி நேரம் பிடித்தது. மழை பெய்தால் அட்டை ஏறும். காட்டெருமைகளும் அந்த வழியில் நடமாடும். ஆகவே வனத்துறையிடமும் தோட்டத்தாரிடமும் கேட்டுக்கொண்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருடன் காலையிலேயே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் சுவரின் மறுமுனைகூடத் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும் காலம். ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை.

மறுமொழி 2:

முழங்கால் வலி உள்ளவரை அந்த ஏற்றத்தில் அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். குன்னூர் அருகே உள்ள லாம்ஸ் ராக் காட்சிமுனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் துரூக் மலை முழுவதும் தெரியும். நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம்; பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள்.

மறுமொழி 3:

நீங்கள் மட்டும் மேலே போவதானால் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து சுவரின்மேல் ஏறாதீர்கள். சென்ற முறை ஓர் இளைஞர் புகைப்படத்துக்காக ஏறியபோது, மேல்வரிசைக் கல் ஒன்று அவர் காலடியில் ஆடியதை அருகில் நின்று பார்த்தேன். இடுக்குகளில் பெரணிச் செடிகள் வேரோடி, கற்களை மெல்ல நெம்பிக்கொண்டிருக்கின்றன. பாசியைச் சுரண்டிப் பெயர் எழுதியிருப்பதையும் கண்டேன். இருப்பது ஒரே சுவர். அதில் ஒரு கல் உருண்டாலும் எடுத்து வைக்க அங்கே யாரும் இல்லை.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஜனவரியில் அவர் லாம்ஸ் ராக்கிலிருந்து பார்க்கட்டும். நானும் தம்பியும் வழிகாட்டி ஒருவருடன் மேலே போய்வருகிறோம். சுவரின் அகலத்தைக் காலடியால் அளந்து வரச் சொல்லியிருக்கிறார். ஏறாமல், பக்கத்தில் நின்றே அளந்து வருகிறோம்.