டேவிட் போகாக் செனட்ல பேசி என்னதான் ஆகுது?

குளிர்_கான்பெரா:
வணக்கம் மக்களே. கான்பெரா வந்து ஏழு வருஷம் ஆச்சு, சிட்டிசன்ஷிப் கிடைச்சு 2025 மே எலக்‌ஷன்லதான் முதமுதல்ல ஓட்டு போட்டேன். செனட்டுக்கு, அதான் நாடாளுமன்ற மேல்சபைக்கு, சுயேச்சையா நின்ன பழைய ரக்பி வீரர் டேவிட் போகாக்குக்கு ஒண்ணாம் நம்பர் (முதல் விருப்பம்) போட்டேன், அதை வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம ஆபீஸ்ல சொல்லிட்டேன். அதுலேர்ந்து பக்கத்து சீட்காரர், சுயேச்சைக்குப் போட்டு வீணாக்கிட்டியே, 76 பேர்ல ஒத்த ஆளு என்னத்த கிழிக்கப் போறாருன்னு ஓட்டிக்கிட்டே இருக்காரு. சரி பாப்போமேன்னு ஒருநாள் செனட் லைவ் போட்டேன். சுத்தி முக்காவாசி சிகப்பு சீட்டு காலி, ரெண்டு பேரு போனை நோண்டிக்கிட்டு இருக்காங்க, ஒருத்தர் நின்னு பேசிக்கிட்டு இருக்காரு. யாருக்காக பேசறாங்க இவங்கல்லாம்? பேச்சால ஏதாச்சும் நிஜமா மாறியிருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெல்பன்_மணி:
மாறியிருக்கு, ஆனா பேச்சால மட்டும் இல்ல, கணக்கால. 2022ல ஆளுங்கட்சி லேபர் 26, கிரீன்ஸ் கட்சி 12, கூட்டுனா 38. மசோதா பாஸாக 39 வேணும், 38க்கு 38ன்னு சமமா வந்தா தோத்த மாதிரி. அப்ப அந்த 39வது கை யாரோடது? நம்ம ரக்பி ஆளோடது. அந்த வருஷக் கடைசில லேபர் கொண்டுவந்த தொழிலாளர் சட்ட மசோதாவுக்கு ஆதரவு வேணும்னா, ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்னாடியும் வேலையில்லாதவங்க உதவித்தொகை பத்துதா இல்லையான்னு பாத்து வெளிப்படையா அறிக்கை குடுக்க ஒரு கமிட்டி போடுங்கன்னு கேட்டு வாங்கினாரு. முத அறிக்கையே ஜாப்சீக்கர்ங்கற அந்த உதவித்தொகையை முதியோர் பென்ஷன்ல 90 சதவீதத்துக்கு ஏத்தச் சொல்லிச்சு, அரசாங்கம் 2023 பட்ஜெட்ல ரெண்டு வாரத்துக்கு 40 டாலர்தான் ஏத்துச்சு. கேட்டது யானை, கிடைச்சது பூனைதான், ஆனா அந்தக் கமிட்டி இன்னும் இருக்கு, ஒவ்வொரு வருஷமும் அரசாங்கத்துக்குத் தலைவலி.

இன்னொண்ணு, ராஜ்யசபால கட்சி பலத்தைப் பாத்துதான் பேச நேரம் பிரிப்பாங்க, சுயேச்சைக்கு வாயத் திறக்கறதுக்குள்ள மணி அடிச்சிரும். இங்க மசோதா விவாதத்துல ஒவ்வொரு செனட்டருக்கும் ஒரே அளவு நேரம். இது சின்ன விஷயம் இல்லீங்க.

ஹோபார்ட்டான்:
போகாக்கெல்லாம் நேத்து வந்தவரு. சுயேச்சைன்னா எங்க டாஸ்மேனியா பிரையன் ஹாரடைன்தான். 1975ல லேபர் வெளிய தள்ளுச்சு, அதே வருஷம் சுயேச்சையா நின்னு ஜெயிச்சு 2005 வரைக்கும் உக்காந்திருந்தாரு. 1999ல அப்போதைய பிரதமர் ஹவர்ட் GST கொண்டுவரும்போது அவரு ஓட்டும் இன்னொரு சுயேச்சை கால்ஸ்டன் ஓட்டும் கிடைச்சா பாஸ்ங்கற நிலைமை. பிரதமரே நேர்ல பேசிப் பாத்தாச்சு, ஊரே என்ன சொல்வாரோன்னு காத்துக்கிட்டிருக்கு, மே 14ந்தேதி எந்திரிச்சு இந்த வரி ஏழைங்க மேலயும் குடும்பங்க மேலயும் விழும்ங்கறதை நிதானமா அடுக்கிக்கிட்டே வந்து கடைசில என்னால முடியாதுன்னு ஒரே வரில முடிச்சுட்டு உக்காந்துட்டாரு. நான் அப்ப இந்த நாட்லயே இல்ல, பின்னாடி படிச்சதுதான், ஆனா படிக்கும்போதே ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் ஹவர்ட் டெமாக்ராட்ஸ் கட்சிகிட்ட போய் பேரம் பேச வேண்டியதாச்சு, அவங்க அடிப்படை உணவுப்பொருளை வரியிலேர்ந்து எடுக்க வச்சாங்க, 2000 ஜூலை 1லேர்ந்து அப்படித்தான் GST வந்துச்சு. இன்னைக்கு இந்தியன் கடைல அரிசி, பருப்பு, கத்திரிக்காய்க்கு GST இல்லாம வாங்கறீங்கள்ல, அதுல அந்தக் கிழவனோட ‘முடியாது’க்கும் பங்கு உண்டு.

எதிர்க்கேள்வி:
ஹோபார்ட்டான் அண்ணே, பாதிக் கதைதான் சொல்றீங்க. அதே ஹாரடைன் 1996ல RU486 கருக்கலைப்பு மாத்திரையை மந்திரி கையெழுத்து இல்லாம நாட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு திருத்தம் கொண்டுவந்தாரு, அரசாங்கத்துக்கு அவர் ஓட்டு தேவைப்பட்ட காலம் அது. பத்து வருஷம், 2006ல ரெண்டு சபையும் மாத்தற வரைக்கும், பொம்பளைங்க அதுக்கு விலை குடுத்தாங்க. நமக்குப் பிடிச்சதைக் கேட்டா மனசாட்சி, பிடிக்காததைக் கேட்டா பிளாக்மெயிலா? ஒரு ஆள் கைல சாவியக் குடுத்தா இதுவும்தான் நடக்கும்.

அப்புறம் மணி சொன்ன கணக்கு பழைய கணக்கு. 2025க்கு அப்புறம் லேபரும் கிரீன்ஸும் சேந்தாலே 39 வந்துருது. போகாக் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். உங்க ஆபீஸ்காரர் சொல்றதுல தப்பில்ல.

ஹன்சார்ட்_பைத்தியம்:
எதிர்க்கேள்வி, கிரீன்ஸ் லேபரோட நிக்கும்போது நீங்க சொல்றது சரி. நிக்காதப்ப? 2025 அக்டோபர்ல பாத்தீங்களா? அரசுப் பதவிகள்ல வேண்டப்பட்டவங்களைப் போடறது பத்தி முன்னாள் அரசு அதிகாரி லினெல் பிரிக்ஸ் 2023லயே எழுதிக் குடுத்த அறிக்கையை அரசாங்கம் பூட்டி வச்சிருந்துச்சு. அதை வெளிய விடற வரைக்கும் கேள்வி நேரத்துல அரசாங்கம் சாராதவங்களுக்குக் கூடுதல் கேள்வின்னு போகாக் தீர்மானம் போட, எப்பவும் முட்டிக்கிற எதிர்க்கட்சி லிபரலும் கிரீன்ஸும் ஒண்ணா நின்னு ஓட்டுப் போட்டாங்க. மந்திரிங்க கேள்வி நேரம் முடியாம உக்காந்து முழிச்சதைப் பாக்கணுமே! டிசம்பர்ல அறிக்கை வெளிய வந்துருச்சு.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை. நீங்க பாத்தது ரெண்டாம் வாசிப்பு, மசோதா மேல நடக்கற பொது விவாதம், அது எழுதி வச்சுப் படிக்கறது, அங்க யாரும் யார் பேச்சையும் கேக்கறதில்ல. சரக்கு இருக்கறது மசோதாவை ஷரத்து ஷரத்தா அலசற கமிட்டி ஸ்டேஜ்ல. மந்திரி உக்காந்திருப்பாரு, செனட்டர் யார் வேணா எந்திரிச்சு இந்த ஷரத்துக்கு என்ன அர்த்தம், இது யாருக்குப் பொருந்தும்னு திரும்பத் திரும்பக் கேக்கலாம், மந்திரி சொன்ன பதில் அப்படியே சபைப் பேச்சுப் பதிவான ஹன்சார்ட்ல ஏறும், பின்னாடி மாத்திப் பேச முடியாது. கட்சிக்காரன் தன் மந்திரியைக் குடைய மாட்டான், சுயேச்சை குடைவான். அரசுச் செலவை விசாரிக்கற எஸ்டிமேட்ஸும் அப்படித்தான், அதிகாரிங்களுக்கு வேர்க்கும்.

2023ல பெரிய தொழிலாளர் மசோதா ஒண்ணு வந்தப்ப போகாக்கும் டாஸ்மேனியா செனட்டர் ஜாக்கி லாம்பியும் சேந்து, யாருக்குமே ஆட்சேபணை இல்லாத நாலு விஷயத்தைப் பிரிச்சு தனி மசோதாவா வச்சாங்க. போலீஸ், ஆம்புலன்ஸ்காரங்க மன உளைச்சல் கிளெய்ம், கல்லு வெட்டறப்ப பறந்து நுரையீரலைக் கெடுக்கற சிலிகா தூசி, குடும்ப வன்முறைல பாதிக்கப்பட்டவங்களை வேலைல ஒதுக்காம பாத்துக்கறது, கம்பெனி மூழ்கும்போது வேலை இழப்புப் பணம், இந்த நாலு. அரசாங்கம் முடியவே முடியாதுன்னு அடம்பிடிச்சுட்டு டிசம்பர்ல தானே மசோதாவைப் பிரிச்சுது.

மெல்பன்_மணி:
இதை விட்டுட்டேன். 1997லேர்ந்து கருணைச் சாவு பத்தி ACTயும் (கான்பெரா இருக்கற பிரதேசம்) வடக்குப் பிரதேசமும் சட்டம் போடவே கூடாதுன்னு தடை இருந்துச்சு. அதை நீக்கற மசோதா லேபர் எம்பிக்கள் கொண்டுவந்தது, போகாக்கோடது இல்ல, ஆனா அவர் விடாம தள்ளினாரு. கட்சிக் கட்டுப்பாடு இல்லாத ஓட்டு, அதனால அந்த விவாதத்துல செனட்டருங்க சொந்த வீட்டுச் சாவெல்லாம் பேசினாங்க. 2022 டிசம்பர் 1ந்தேதி செனட்ல பாஸாச்சு. 2025 நவம்பர்லேர்ந்து உங்க கான்பெராலயே அந்தச் சட்டம் நடைமுறைல இருக்கு.

எதிர்க்கேள்வி:
சரி, அந்த அக்டோபர் விஷயம் நான் மறந்துட்டேன், ஒத்துக்கறேன். RU486 விஷயத்துல மாத்திக்க மாட்டேன்.

குளிர்_கான்பெரா:
எல்லாருக்கும் நன்றி. கருணைச் சாவு மேட்டர் எனக்கு நெஜமாவே தெரியாது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருதடவை அதைப் பத்தி பேசினப்ப நான்தான் புரியாம தலையாட்டிட்டு வந்தேன். சிலிகா விஷயத்தை மட்டும் ஆபீஸ்காரர்கிட்ட சொன்னேன். அவரு மச்சான் கிச்சன் பெஞ்ச் கல்லு வெட்டற வேலையாம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அதைப் பத்தி லிங்க் இருந்தா அனுப்புன்னாரு.