லயத்து வீட்டு உள்ளறைகள்: பழைய 20 எம்எம் லென்ஸ் வாங்கலாமா, 28 போதுமா?

லயத்துப்பிள்ளை:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். டவுனுக்கு வெளியே நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இரண்டு வரிசை லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வீடுகள்) இன்னும் நிற்கின்றன. சீக்கிரமே இடித்துவிடுவார்கள் என்று பேச்சு. அதற்குள் வீடுகளின் உட்புறம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்து வைக்க நினைக்கிறேன். கையில் நிக்கான் எஃப்எம்2 கேமரா, 50 எம்எம் லென்ஸ், 28 எம்எம் எஃப்2.8 ஏஐ-எஸ் (நிக்கானின் ஒரு லென்ஸ் வகை) இருக்கின்றன. வீட்டுக்குள் 28 பத்தாது, இன்னும் அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் வேண்டும் போல் தெரிகிறது. பினாங்கில் ஒருவர் நிக்கோர் 20 எம்எம் எஃப்3.5 ஏஐ-எஸ் லென்ஸை 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார். "உள்ளே லேசாகத் தூசி, படத்தைப் பாதிக்காது" என்று எழுதியிருக்கிறார். வாங்கலாமா?

இருட்டறை:
வேண்டாம் தம்பி. முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை பத்துக்குப் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டி நின்றாலும் உங்கள் தலைக்கும் கேமராவுக்கும் ஓர் அடி போய்விடும். மீதி ஒன்பது அடி. அந்தத் தூரத்தில் 28 எம்எம் குறுக்காக ஏறத்தாழ 11.5 அடி பிடிக்கும், உயரத்தில் 7.7 அடி. எதிர்ச்சுவர் முழுசாக வந்துவிடுகிறது. போதாததற்கு எஃப்எம்2 வியூஃபைண்டர் 93 விழுக்காடுதான் காட்டும். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடுதலாகவே பிலிமில் விழும்.

900 வெள்ளிக்கு எவ்வளவு பிலிம் வாங்கலாம், எத்தனை ரோல் கழுவலாம்! பிலிம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில், இடிக்கப்போகும் லயத்துக்குத் தேவை ரோல்தான். லென்ஸ் இல்லை.

அகலக்கோணம்:
அண்ணே, எதிர்ச்சுவர் மட்டும்தான் வீடா? லயத்து வீட்டில் எல்லாமே பக்கச் சுவர்களில்தான் இருக்கும். சாமி படம், காலண்டர், ஆணியில் தொங்கும் சட்டை, வேலைக் கத்தி, தட்டுமுட்டுச் சாமான் அடுக்கிய பலகை. உங்கள் கணக்கையே நீட்டிப் பார்ப்போம். அதே இடத்திலிருந்து 28 எம்எம்மில் பக்கச் சுவரின் கடைசி ஓரடிக்குச் சற்று மேல்தான் தெரியும். 20 எம்எம்மில் கடைசி மூன்றரை அடி தெரியும். அதாவது 28இல் கிடைப்பது ஒரு சுவரின் படம், 20இல் கிடைப்பது ஓர் அறையின் படம்.

இன்னொன்று. 20 எம்எம்மின் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்11இல் வைத்து 1.2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், அறுபது சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மையாக வரும். நெருக்கமான அறைக்கு அது பெரிய வசதி. ஃபில்டரும் 52 மி.மீ. தான். தம்பியின் 28க்கு உள்ள ஃபில்டரே இதற்கும் பொருந்தும்.

செம்பனை:
24 எம்எம் வாங்குங்கள், முடிந்தது. பழையது நிறையக் கிடைக்கிறது.

அகலக்கோணம்:
28 வைத்திருப்பவருக்கு 24 எதற்கு? கோணம் ஏறக்குறைய 75 பாகையிலிருந்து 84 ஆகும், அவ்வளவுதான். பக்கச் சுவரில் ஓரடி கூடுதலாகக் கிடைக்கும். 20க்குப் போனால் 94 பாகை. காசு செலவழிப்பதென்றால் வித்தியாசம் தெரிகிற இடத்தில் செலவழிக்க வேண்டும்.

கலாசாலை டீச்சர்:
லென்ஸ் கணக்கு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரே அறையில் வரிசையாகப் படுத்திருப்போம். அப்பா முதல் சங்குக்கு எழுந்து பெரட்டுக்குப் போகும்போது எங்கள் கால்களைத் தாண்டித்தான் வெளியே போவார். அண்மையில் ஒரு கண்காட்சியில் லயத்து வீட்டுப் படங்கள் பார்த்தேன். அகல லென்ஸில் எடுத்தவையாம். அறை கல்யாண மண்டபம் போல விரிந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண், "பரவாயில்லையே, நல்ல பெரிய வீடுதான் கொடுத்திருக்கிறார்கள்" என்றாள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்த வீட்டின் முதல் உண்மையே அதன் நெருக்கடி. அது தெரியாத படத்தை எத்தனை கூர்மையாக எடுத்தும் என்ன பயன்?

தம்பி, உங்கள் படங்களை நாளைக்குப் பார்க்கப்போகிறவர்கள் லயத்தைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள். அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

அகலக்கோணம்:
டீச்சர், உங்கள் கோபம் நியாயம். ஆனால் பழியை லென்ஸ் மேல் போடுவது சரியில்லை. கேமராவை நகர்த்தாமல் 28இல் ஒரு படம், 20இல் ஒரு படம் எடுங்கள். 20இல் எடுத்ததன் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் அது 28இல் எடுத்த படமேதான். முன்னிருப்பது பெரிதாகவும் பின்னிருப்பது சிறிதாகவும் தெரிவதற்குக் காரணம் கேமரா நிற்கும் இடம். நீங்கள் பார்த்த படத்தை எடுத்தவர் அறையைக் காலியாக்கிவிட்டு எடுத்திருப்பார். கட்டிலும் பாயும் ஆட்களும் இருந்தால் அளவு தானே தெரிந்துவிடும்.

இருட்டறை:
பாதிதான் சரி. வெட்டினால் ஒன்று என்பது உண்மை. ஆனால் படத்தை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லையே. பிரிண்ட் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் நெகட்டிவ் ஏறக்குறைய 12.7 மடங்கு பெரிதாகிறது. 20 எம்எம்மில் எடுத்த படத்தில் அறை அறையாகத் தெரிய வேண்டுமென்றால் 20 பெருக்கல் 12.7, அதாவது 25 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்து அங்குலம்! 28க்கு 14 அங்குலம். கண்காட்சியில் ஜனங்கள் நிற்பது இரண்டு மூன்று அடி தள்ளி. அங்கிருந்து பார்த்தால் 20இல் எடுத்த அறை விரிந்துதான் தெரியும். டீச்சர் பக்கத்தில் நின்ற பெண் ஏமாந்தது அதனால்தான். இதை எடுப்பவன் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

ஆட்களை வைத்து எடுங்கள் என்கிறீர்கள். 20 எம்எம்மில் மூலையில் வரும் தலை வெளிப்பக்கமாக ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுபடும். அந்த லயத்தில் வாழ்ந்த பாட்டியை அப்படியா வரலாற்றில் விட்டுவைப்பது?

கலாசாலை டீச்சர்:
கடைசி வரிக்கு நன்றி ஐயா. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், பாட்டாளிகளிடம் பங்குப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய படங்கள் ஏராளமாக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அந்தப் பங்குப் பணத்தைக் கொடுத்தவர்களின் முகங்கள்தான் எங்கள் வீடுகளில் அடையாள அட்டைப் படமாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தம்பி, மனிதர்களை ஓரத்தில் தள்ளிவிடாதீர்கள்.

லயத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று டேப் எடுத்துக்கொண்டு போய் ஒரு காலி வீட்டை அளந்தேன். முன்னறை பத்துக்கு ஒன்பது. கதவைத் திறந்து அஞ்சடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) பின்னால் தள்ளி நின்றால் கதவு நிலை குறுக்கே விழுகிறது, ஆனால் அந்த நிலையோடு சேர்த்து எடுப்பதே அழகாக இருக்கிறது. அறை எவ்வளவு சின்னது என்பதும் தெரிகிறது. அதற்கு 28 போதும்.

குசினிதான் சிக்கல். எட்டுக்கு ஆறு. பின்னால் நகர இடமில்லை. அடுப்பு மேடையும் தண்ணீர்த் தொட்டியும் புகை படிந்த தகரமும் ஒரே படத்தில் வர மாட்டேன் என்கின்றன. குசினி இல்லாமல் லயத்து வீட்டைப் பதிவு செய்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் அம்மா தன் வாழ்நாளில் பாதியை அங்கேதான் நின்று கழித்தார்.

அகலக்கோணம்:
அதற்குத்தான் 20. ஃபிளாஷை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண ஃபிளாஷ் 28 அல்லது 35 எம்எம் கோணத்துக்குத்தான் வெளிச்சம் பரப்பும், ஓரங்கள் கறுத்துவிடும். மேலே அடித்துத் திருப்பலாமென்றால் தகரக் கூரையில் வெள்ளை சீலிங் ஏது? முக்காலி போடுங்கள். கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் மட்டமாக வையுங்கள், சுவர்கள் சரியாமல் நிற்கும்.

இருட்டறை:
முக்காலி சரி. டிரை-எக்ஸ் பிலிம் போடுகிறீர்கள் என்றால் ஒன்று நினைவில் வையுங்கள். கேமராவின் ஒளி மீட்டர் 1 நொடி காட்டினால் 2 நொடி வெளிச்சம் கொடுக்க வேண்டும். 10 நொடி காட்டினால் 50 நொடி. புகை படிந்த குசினியில் இது கட்டாயம் வரும். மீட்டரை அப்படியே நம்பினால் நெகட்டிவ் மெலிந்து போகும், அப்புறம் பிரிண்டில் என்ன செய்தும் மீளாது.

வாங்குவது பற்றி: ஒரு குசினிக்காக 900 வெள்ளி அதிகம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஈப்போவில் பிலிம் எடுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள், யாரிடமாவது இரண்டு வாரம் இரவல் கேட்கலாம். வாங்கியே தீருவேன் என்றால் காசை முன்னால் அனுப்பாமல் நேரில் பாருங்கள். "லேசாகத் தூசி" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. நம் ஊர் ஈரத்தில், டிரை கேபினட் (ஈரம் அண்டாத பெட்டி) இல்லாமல் அலமாரியில் கிடந்த லென்ஸில் தூசி என்று சொல்வது பல நேரம் பூஞ்சணமாக இருக்கும். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி, கவலை வேண்டாம். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சணம். அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. வெள்ளையாக மங்கல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சன்னலை நோக்கி எடுக்கும்போது படமே வெளுத்துவிடும்.

பின்பக்கத்துச் சின்ன நெம்புகோலைத் தட்டினால் அபெர்ச்சர் பிளேடுகள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். மெதுவாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று பொருள். கடைசியாக, அது உண்மையிலேயே ஏஐ-எஸ் தானா என்று பாருங்கள். அபெர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும், இரண்டிலும் 22 ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஏஐ (ஏஐ-எஸ்ஸுக்கு முந்தைய வகை) ஆக மாற்றப்படாத பழைய லென்ஸை எஃப்எம்2இல் மாட்டக் கூடாது. லென்ஸ் மாட்டும் வளையத்தின் ஓரத்து இணைப்பு கெட்டுவிடும்.

செம்பனை:
பூஞ்சணம் இருந்தாலும் விலையைக் குறைத்து வாங்கிக் கழுவிக்கொள்ளலாமே?

இருட்டறை:
கழுவும் கூலி, அதன் பிறகும் மிஞ்சும் தடம், இருக்கிற நல்ல 28ஐ அதன் பக்கத்தில் வைக்கும் பயம். வேண்டாம்.

லயத்துப்பிள்ளை:
முடிவு செய்துவிட்டேன். இரவல் கேட்டுப் பார்த்தேன், 20 வைத்திருப்பவர் யாரும் அகப்படவில்லை. விற்பவர் ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வருகிறார், நேரில் பார்க்கச் சம்மதித்துவிட்டார். டார்ச்சில் நூல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுவேன். சுத்தமாக இருந்தால் வாங்குவேன், ஆனால் குசினிக்கும் ஆயாக்கொட்டகைக்கும் மட்டும்தான் அது. முன்னறையும் ஆட்களும் 28இல், 50இல். ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் அறையின் அளவை அடிக் கணக்கில் எழுதிவைக்கிறேன் டீச்சர்.

கலாசாலை டீச்சர்:
பின்னால் எழுதினால் சுவரில் மாட்டியபின் யார் பார்ப்பது? முன்னால் எழுதுங்கள், படத்துக்குக் கீழே. அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து.

இருட்டறை:
ஞாயிறு நானும் ஈப்போ வருகிறேன். என் கருத்து மாறவில்லை, ஆனால் தனியாகப் போகாதீர்கள். எஃப்எம்2ஐ மறக்காமல் எடுத்து வாருங்கள். மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.